சேலத்திலிருந்து முட்டம் பாறைக்கரை: சிக்கனப் பயணத்தின் நாள்வாரிக் குறிப்புகள்

ஞாயிறு – ஏற்காடு

கடற்கரைப் பயணக் குறிப்பு மலையில் தொடங்குகிறதே என்று குழம்ப வேண்டாம். கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில் ஆளைச் சறுக்கிவிடுவது மூன்றுதான்: செருப்பின் அடி, முதுகுப் பையின் எடை, ஈரப் பாறை. மூன்றையும் சேலத்துக்காரர்கள் கிளம்பும் முன்பே சேர்வராயன் மலையில் சோதித்துப் பார்த்துவிடலாம். கடலில் போய்ச் சோதிப்பதைவிட இது மலிவு, ஆபத்தும் குறைவு.

பாறையும் ஏறக்குறைய அதே இனம். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னோகைட். கன்னியாகுமரிக் கரையோரப் பாறைகளும் சார்னோகைட், கொண்டலைட் குடும்பங்களைச் சேர்ந்தவை. கருநீலமும் சாம்பலும் கலந்த, எண்ணெய் தடவியதுபோல மினுக்கும் கடினமான கல். காய்ந்திருக்கும்போது இதன் சொரசொரப்பு நன்றாகப் பிடி கொடுக்கும். மலையில் மழை நின்றால் வெயில் வந்து பாறையைக் காயவைத்துவிடுகிறது. கடலிலோ கீழ்ப்பகுதி காய்வதே இல்லை. அலை தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கியதன் மேல் பாசி வேறு படர்ந்திருக்கும். மலை ஏறிப் பழகியவர்கள் கடற்பாறையில் விழுவதற்குக் காரணம் இதுதான். கல் பழகியதுபோலத் தெரிவதால் கால் அசட்டையாகப் போகிறது.

காலை முதல் பேருந்துகளில் ஒன்றைப் பிடித்தால் அடிவாரம் தாண்டி 20 கொண்டை ஊசி வளைவுகளையும் வெயில் ஏறுவதற்குள் கடந்துவிடலாம். வளைவில் குமட்டுபவர்கள் பின்னிருக்கையில் உட்காரக் கூடாது, வெறும் வயிற்றோடும் ஏறக் கூடாது. இரண்டு இட்லி போதும்.

முதலில் பகோடா பாயிண்ட். அங்கே சோதிக்க வேண்டியது காய்ந்த பாறை. பயணத்துக்கான செருப்பைப் போட்டுக்கொண்டு, விளிம்பிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் சரிவான பாறையில் மேலும் கீழும் நடந்து பாருங்கள். இறங்கும்போது கட்டைவிரல் செருப்பின் முன்பக்கத்தில் இடித்தால் ஒரு அளவு பெரியது வேண்டும். அடிப்பாகத்தை நகத்தால் அழுத்தினால் சற்று அமுங்க வேண்டும். அமுங்காத கெட்டி அடி, பார்க்க எவ்வளவு பெரிய பல் பல்லாக இருந்தாலும், ஈரக் கல்லில் வழுக்கும். பின்பட்டை உள்ள ரப்பர் அடிச் செருப்பு நல்லது. பின்பட்டை இல்லாத ரப்பர் செருப்பைத் தங்கும் அறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெறுங்காலோடு போகலாம் என்ற யோசனையும் வேண்டாம். ஏன் என்பது வெள்ளிக்கிழமைக் குறிப்பில் வரும்.

அடுத்தது கிளியூர் அருவி. ஏற்காட்டு ஏரியின் உபரி நீர்தான் இங்கே விழுகிறது. கோடையில் வறண்டுவிடும், வடகிழக்குப் பருவமழைக்குப் பின் தண்ணீர் இருக்கும். முழு எடையோடு பையை முதுகில் ஏற்றி, ஏரியிலிருந்து நடந்தே போய், படிகளில் இறங்கித் திரும்ப ஏறுங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவது இயல்பு. ஆனால் தோள்பட்டை மரத்துப்போனால் பையில் வேண்டாதது இருக்கிறது என்று பொருள். மூன்று பகலுக்கு 30 லிட்டர் பையும் 6 கிலோ எடையும் போதும், தண்ணீர் தனி. அருவியின் பக்கத்துப் பாறைகளில் ஏற வேண்டாம். நடைபாதையோரம் தண்ணீர் கசியும் தட்டையான கல் ஒன்று போதும். கையால் எதையாவது பிடித்துக்கொண்டு ஒரு காலை மட்டும் வைத்து மெல்ல எடையை மாற்றுங்கள். பச்சைப் பாசியில் எந்தச் செருப்பும் நிற்காது என்பது அரை நிமிடத்தில் தெரிந்துவிடும். ஆயிரம் ரூபாய்ச் செருப்பும் நாலாயிரம் ரூபாய்ச் செருப்பும் அங்கே ஒன்றுதான்.

வியாழன் – சேலம் சந்திப்பு

பெங்களூரிலிருந்து சேலம், நாமக்கல், கரூர், திண்டுக்கல், மதுரை, திருநெல்வேலி வழியாக நாகர்கோவில் போகும் தினசரி விரைவு வண்டி (17235) இந்தப் பயணத்துக்கென்றே அமைந்தது போன்றது. இரவு 9 மணிக்கு மேல் சேலத்தில் ஏறினால் காலையில் நாகர்கோவில். ஒரு இரவு அறை வாடகை மிச்சம். படுக்கை வகுப்பு 300 ரூபாயை ஒட்டி வரும். முன்பதிவு 60 நாட்களுக்கு முன் திறக்கிறது. பொங்கல், மே விடுமுறை, ஐயப்ப சீசன் நாட்களில் இந்த வண்டிக்கு அடிதடி. தட்கல் என்றால் படுக்கை வகுப்புக்கு முந்தைய நாள் காலை 11 மணி. முன்பதிவில்லாப் பெட்டியில் பாதிச் செலவுதான். ஆனால் இரவு முழுக்க நின்றுவிட்டு மறுநாள் பாறையில் ஏறுவது சிக்கனக் கணக்கில் சேராது. தூக்கம் கெட்ட கால்தான் முதலில் சறுக்கும்.

ஒருவருக்கான மொத்தக் கணக்கு: இரு வழி ரயில் 600, உள்ளூர்ப் பேருந்துகளுக்கு 200, இருவர் பகிரும் அறையில் இரண்டு இரவுக்கு 700, மூன்று நாள் சாப்பாட்டுக்கு 900, சில்லறைச் செலவு 100. ஆக 2,500 ரூபாய். இதைத் தொடாமல் 500 ரூபாயைத் தனியே, ஈரம் படாத உறையில் வையுங்கள். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அவர்களுடைய பேருந்துச் செலவு இன்னும் குறையும்.

இரவுச் சாப்பாட்டுக்கு வீட்டிலிருந்து புளிசாதமோ எலுமிச்சைச் சாதமோ. தேங்காய் சேர்ந்த எதுவும் வேண்டாம், கெட்டுவிடும். தட்டுவடை கட்டாயம் எடுத்துப் போகிறவர்கள் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டிக்கொள்ளுங்கள். பெரிய பையைக் கடற்கரையில் பிரித்தால் உப்புக் காற்றில் கொஞ்ச நேரத்திலேயே நமத்துவிடும். அப்புறம் காரச் சட்னி வைத்தாலும் தேறாது.

பையில் இருக்க வேண்டியவற்றில் பலரும் விடுவது கயிறு. 8 மில்லிமீட்டர் கனத்தில் 15 மீட்டர் போதும். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வாங்கும்போது எந்தக் கயிறு என்பதில் கவனம் வேண்டும். பாலிபுரோப்பிலீன் கயிறு தண்ணீரில் மிதக்கும், நைலான் மூழ்கும். கடையில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வாளித் தண்ணீரில் போட்டுப் பாருங்கள். இது பாறையில் இறங்குவதற்கு அல்ல, தண்ணீரில் விழுந்தவரிடம் எறிவதற்கு. முனையில் கட்ட இறுக மூடிய இரண்டு லிட்டர் காலி பாட்டில். அதில் கால்வாசிக்குத் தண்ணீர் விட்டால்தான் காற்றை எதிர்த்து எறியும்போது போகும். வெறும் பாட்டில் திரும்பி நம் மேலேயே வந்து விழும். இவற்றோடு ஒரு விசில், தலைவிளக்கு, கிருமிநாசினி, பஞ்சு, முள் எடுக்க இடுக்கி, ஓ.ஆர்.எஸ். பொடி. குளித்துத் துவட்ட ஈரோட்டுத் துண்டு. தடித்த பூத்துண்டு கடற்கரை ஈரத்தில் இரண்டு நாளானாலும் காயாது.

கிளம்புமுன் பார்க்க வேண்டியது வானிலை அல்ல, அலை நிலை. ஹைதராபாத்தில் உள்ள இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையம் (இன்காய்ஸ்) கரையோரங்களுக்கு எச்சரிக்கை வெளியிடுகிறது. கன்னியாகுமரிக்கு அது பெரும்பாலும் 'நீரோடி முதல் ஆரோக்கியபுரம் வரை' என்று வரும். முட்டம் இதற்குள் அடக்கம். எச்சரிக்கை இல்லாவிட்டாலும் இரண்டு எண்களைப் பாருங்கள்: அலை உயரம், அலைகளுக்கு இடைப்பட்ட நொடிகள். ஒரு மீட்டர் அலை 6 நொடிக்கு ஒன்று வருவதும் 16 நொடிக்கு ஒன்று வருவதும் ஒன்றல்ல. இடைவெளி கூடக் கூட அலை சுமந்துவரும் ஆற்றல் கூடும், பாறையில் ஏறும் உயரமும் கூடும். நாங்கள் வைத்திருக்கும் வரம்பு: ஒரு மீட்டருக்கு மேல், 14 நொடிக்கு மேல் என்றால் அன்று பாறையில் இறங்குவதில்லை, மேட்டில் நின்று பார்ப்பதோடு சரி.

இந்த நெடிய அலைகள்தான் கேரள, குமரிக் கரைகளில் கள்ளக்கடல். தெற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் வீசும் புயல் கிளப்பும் அலை நாள்கணக்கில் பயணம் செய்து வந்து சேர்கிறது. இங்கே காற்றே இருக்காது, வானம் வெளுத்திருக்கும், கடல் மட்டும் திடீரென்று மேலே ஏறும்.

வெள்ளி – முட்டம்

நாகர்கோவில் சந்திப்பு இருப்பது கோட்டாறு பக்கம். அங்கிருந்து மீனாட்சிபுரத்தில் உள்ள அண்ணா பேருந்து நிலையத்துக்கு நகரப் பேருந்து. தங்குவதற்கு நாகர்கோவிலே சரி. கன்னியாகுமரியில் கடல் பார்த்த அறை என்று பலகை தொங்கினாலே வாடகை ஏறிவிடும். நாகர்கோவிலில் இருவர் அறை 600, 700 ரூபாய்க்குள் பார்த்துக்கொள்ளலாம். அறையில் இரண்டு வாளித் தண்ணீர் தாராளமாக வருகிறதா என்று கேட்ட பிறகே பணம் கட்டுங்கள். உப்பைக் கழுவ அது வேண்டும்.

காலையில் இறங்கியதும் முட்டத்துக்கு ஓட வேண்டாம். பகல் 11 முதல் 3 வரை அந்தக் கருங்கல் அடுப்பில் வைத்த தோசைக்கல். சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு, இரண்டு மணி வாக்கில் பேருந்து ஏறுங்கள். பலகையில் 'முட்டம்' என்று இருக்கிறதா, 'சின்னமுட்டம்' என்று இருக்கிறதா என்பதைக் கவனிக்க வேண்டும். சின்னமுட்டம் கன்னியாகுமரியை ஒட்டிய வேறு துறைமுகம். முட்டம் நாகர்கோவிலுக்குத் தென்மேற்கே சுமார் 16 கிலோமீட்டர். நடத்துநரிடம் "அண்ணே, முட்டம் பீச்சுக்குப் பக்கத்துல எறக்கி விடுங்க" என்று ஏறும்போதே சொல்லிவிட்டால் வீண் நடை இல்லை. இறங்கியதும் திரும்பும் கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்று அங்கேயே கேட்டுக்கொள்ளுங்கள். பேருந்து தவறினால் ஆட்டோவுக்குக் கொடுப்பது ஒரு நாள் சாப்பாட்டுப் பணம்.

முட்டத்தில் முதலில் கண்ணில் படுவது செம்மண். காற்று கொண்டுவந்து குவித்த தேரி மணல், மழை அரித்து அரித்து மடிப்பு மடிப்பாகச் சரிந்திருக்கும். பார்க்க உறுதியான மேடு போல இருந்தாலும் விளிம்பு வெறும் மணல்தான், காலை வைத்தால் உடையும். ஓரத்திலிருந்து நாலடி தள்ளியே நில்லுங்கள். கீழே கரும்பாறைகள், நடுநடுவே சிறு மணல் துண்டுகள், மேட்டில் கலங்கரை விளக்கம். விளக்கத்தின் மேலே ஏற மாலையில் குறிப்பிட்ட நேரம் மட்டும் அனுமதிப்பார்கள். பாறைக்குப் போகுமுன் அங்கே ஏறிவிடுவது இரண்டு விதத்தில் லாபம். எந்த இடுக்கில் அலை நுழைகிறது, எந்த மணல் துண்டுக்குப் பின்பக்கம் வழி இல்லை என்பதெல்லாம் மேலிருந்து தெரிந்துவிடும்.

இனி பாறை. இறங்குமுன் மேட்டில் உட்கார்ந்து 20 நிமிடம் கடலைப் பார்க்க வேண்டும். இதைச் சுருக்குபவர்கள்தான் நனைகிறார்கள். அலைகள் கூட்டமாக வரும். பத்துப் பன்னிரண்டு சிறியவை வந்துபோன பின் மூன்று நான்கு பெரியவை அடுத்தடுத்து ஏறும். ஐந்து நிமிடம் பார்த்தவருக்குச் சிறியவை மட்டுமே கண்ணில் பட்டிருக்கும். ஏதாவது ஒரு பாறையை அடையாளம் வைத்துக்கொண்டு அந்த இருபது நிமிடத்தில் நீர் தொட்ட உச்சிக் கோடு எது என்று பாருங்கள். அதற்கு மேல் ஆள் உயரம் விட்டுத்தான் நடமாட்டம். இந்தக் கரையில் ஓதத்தின், அதாவது கடல்மட்டம் நாள்தோறும் ஏறி இறங்குவதன், அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. அதனால் ஓதம் வற்றும் நேரம் பார்த்துப் போனால் போதும் என்று வேறு கரைகளில் சொல்வது இங்கே பாதிதான் உதவும். ஆபத்தைத் தீர்மானிப்பது தொலைவிலிருந்து வரும் அலை.

பாறையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மேலே பழுப்பும் சாம்பலுமாகக் காய்ந்த பகுதி. நடக்கலாம், உட்காரலாம். அதற்குக் கீழே தாரைப் பூசியதுபோல ஒரு கறுப்புப் பட்டை. நிழல் விழுந்த காய்ந்த கல் என்று கண் ஏமாறும். அது அலைத்துளி படும் இடத்தில் படர்ந்த நுண்பாசி. மற்ற எல்லாவற்றையும்விட அதிகம் வழுக்குவது இதுதான், ஏனென்றால் இதை யாரும் சந்தேகப்படுவதில்லை. அதற்கும் கீழே வெள்ளை வெள்ளையாக ஒட்டிய கூரான ஓடுகள், கொட்டலசு. இதில் செருப்புக்குப் பிடி கிடைக்கும். ஆனால் வெறுங்கால் வைத்தாலோ தடுமாறிக் கை ஊன்றினாலோ பிளேடு போட்டதுபோல் கிழிக்கும். கடைசியாகப் பச்சைப் பாசியும் சிப்பிகளும். அங்கே நமக்கு வேலை இல்லை. குமரிக் கரையில் சிப்பி எடுப்பவர்கள் அங்கே இறங்குகிறார்களே என்று கேட்கலாம். அவர்கள் அந்தப் பாறையைப் பிறந்ததிலிருந்து அறிந்தவர்கள். அவர்களும் கடல் பார்த்துத்தான் இறங்குவார்கள்.

நடக்கும்போது இரண்டு காலும் ஒரு கையும், அல்லது இரண்டு கையும் ஒரு காலும் எப்போதும் பாறையில் இருக்கட்டும். இறங்குவது உட்கார்ந்து, கடலைப் பார்த்தபடி. கடலுக்கு முதுகு காட்டக் கூடாது. படம் எடுக்கும்போது பெரும்பாலும் நடப்பது இந்தத் தவறுதான். எடுப்பவர் கடல் பக்கம் பார்க்கிறார், நிற்பவர் கரைப் பக்கம் பார்க்கிறார், பெரிய அலை வருவது எடுப்பவருக்குத் தெரியும்போது சொல்ல நேரம் இருக்காது. மூன்று பேர் போனால் ஒருவர் மேலே நின்று கடலை மட்டும் பார்க்கட்டும். கையில் கைபேசி இல்லாமல். விசில் ஒருமுறை ஊதினால் உடனே மேலே ஏறுவது, ஏன் என்று கேட்பது அப்புறம்.

பாறை இடுக்குகளில் தனிக் கவனம் வேண்டும். இரண்டு பாறைக்கு நடுவே மணல் தெரியும், தாண்டி அந்தப் பக்கம் போய்விடலாம். அரைமணி கழித்துத் திரும்பினால் அதே இடுக்கில் இடுப்பளவு நீர் உள்ளேயும் வெளியேயும் இழுத்துக்கொண்டிருக்கும். குறுகிய இடத்தில் அலை நுழைந்தால் உயரம் கூடும், திரும்பும்போது வேகம் கூடும். போவதற்கு ஒரு வழியும் திரும்புவதற்கு வேறொரு மேட்டு வழியும் இருந்தால் மட்டுமே இடுக்கைத் தாண்டுங்கள். மணல் ஈரமாக இருந்தாலே அங்கே தண்ணீர் வந்துபோகிறது என்று பொருள்.

தவறி ஒருவர் விழுந்தால், பின்னாலேயே குதிப்பதைத் தவிர வேறு எதையும் செய்யலாம். பாட்டில் கட்டிய கயிற்றை அவரைத் தாண்டிப் போய் விழும்படி எறிந்து, மெல்ல இழுத்துக் கைக்கு எட்டவையுங்கள். விழுந்தவர் பாறையைப் பிடித்து ஏற முயலக் கூடாது, அடுத்த அலை அதே பாறையில் அறையும். கொஞ்சம் வெளியே நீந்தி, மல்லாந்து மிதந்து, மணல் உள்ள இடத்தை நோக்கி நகர வேண்டும். அழைக்க வேண்டிய எண்கள்: 112, மருத்துவ ஊர்திக்கு 108, கடலோரப் பாதுகாப்புக் குழுமம் 1093, கடலோரக் காவல்படை 1554. ஆனால் முதலில் ஓட வேண்டியது கரையில் இருக்கும் மீனவர்களிடம். படகு அவர்களிடம்தான் இருக்கிறது.

சிறு காயங்களுக்கும் முறை உண்டு. கொட்டலசுக் கீறலை நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டுத் தேய்த்துக் கழுவ வேண்டும். உள்ளே ஓட்டுத் துகள் நின்றால் மூன்றாம் நாள் சீழ் வைக்கும். கடல்முள்ளெலியை மிதித்தால் வெளியே தெரியும் முள்ளை மட்டும் இடுக்கியால் எடுத்துவிட்டு, தாங்கக்கூடிய சூட்டில் வெந்நீரில் அரைமணி காலை வையுங்கள். ஆழத்தில் உடைந்த முள்ளைக் குடையாமல் மருத்துவரிடம் போங்கள். சொறி எனப்படும் ஜெல்லிமீன் பட்டால் கடல்நீராலேயே கழுவ வேண்டும், நல்ல தண்ணீர் பட்டால் எரிச்சல் கூடும்.

கரை மேற்கே பார்த்திருப்பதால் அந்தி வெளிச்சம் முழுக்க நமக்குத்தான். குளிர்காலத்தில் 6 மணியிலிருந்து 6:35-க்குள் சூரியன் இறங்கிவிடும். சூரியன் கடலைத் தொடுவதற்குள் கறுப்புப் பட்டைக்கு மேலே வந்துவிடுங்கள். இருட்டில் ஈரமும் காய்ந்ததும் ஒரே நிறம்.

சனி – கடியப்பட்டணம், மணவாளக்குறிச்சி, குளச்சல்

இன்று பாறையில் கொஞ்சம், பேருந்தில் அதிகம். காலை ஆறரைக்குள் முட்டத்தை அடைந்து இரண்டு மணி நேரம் பாறையில் இருந்துவிட்டு மேற்கே நகர்வது சரியான கணக்கு. வழியில் வள்ளியாறு கடலில் சேரும் பொழிமுகம். முழங்கால் தண்ணீர்தானே என்று குறுக்கே நடக்க வேண்டாம். ஆறும் கடலும் இழுக்கும் இடத்தில் அடிமணல் மணிக்கு மணி இடம் மாறும். பாலம் இருக்கிறது, அதில் போங்கள்.

மணவாளக்குறிச்சிப் பக்கம் மணல் கறுப்பும் சிவப்புமாக வரிவரியாகக் கிடக்கும். கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கனமான தாதுக்கள் என்பதால் அலை லேசான வெண்மணலை இழுத்துப்போய் இவற்றை விட்டுச் செல்கிறது. 1909-ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் இங்கத்து மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டுபிடித்தார். தோரியம் கிடைக்கும் தாது அது. மத்திய அரசின் அரிய மண் தொழிற்சாலை இங்கே இயங்குவது அதனால்தான். நினைவுக்காக மணலைப் புட்டியில் அள்ளி வராதீர்கள். ஆலைப் பகுதியில் படம் எடுப்பதும் வேண்டாம்.

மண்டைக்காடு வழியாகக் குளச்சல் போகலாம். மண்டைக்காட்டுக் கோயிலின் மாசிக் கொடை நாட்களில் இந்தத் தடத்தில் பேருந்தில் கால் வைக்க இடம் இருக்காது, அந்தப் பத்து நாளைத் தவிர்த்துவிடுங்கள். குளச்சலில் 1741-ல் மார்த்தாண்டவர்மாவின் திருவிதாங்கூர்ப் படை டச்சுக்காரர்களை வென்றதற்கான வெற்றித்தூண் இருக்கிறது. பத்து நிமிடம் போதும். அந்தப் போரில் பிடிபட்ட டச்சுத் தளபதி டிலனாய் பிறகு அதே மன்னரின் படைத்தலைவரானார். அவர் கல்லறை தக்கலைக்கு அருகே உதயகிரிக் கோட்டையில். கடல் சீறும் நாளுக்கு மாற்றுத் திட்டம் இதுவே: உதயகிரி, பத்மநாபபுரம் அரண்மனை. அரண்மனைக்குத் திங்கள் விடுமுறை.

முட்டத்துக்குக் கிழக்கே கணபதிபுரத்தை ஒட்டி லெமூர் கடற்கரை. மணல் கரை, பாறை அபாயம் இல்லை என்று நினைத்து இறங்கத் தோன்றும். 2024 மே 6 அன்று அங்கே கரையோரம் நின்ற ஐந்து பயிற்சி மருத்துவர்கள் அலையில் இழுத்துச் செல்லப்பட்டு இறந்தார்கள். கள்ளக்கடல் எச்சரிக்கை அப்போது நடப்பில் இருந்தது. நீச்சல் தெரியுமா என்ற கேள்வியே எழாத இடம் அது. சரிந்த மணலில் முழங்காலுக்கு மேல் நீர் ஏறினால் கால் ஊன்றாது, திரும்பும் தண்ணீர் அடிமணலோடு ஆளையும் உருவிக்கொண்டு போகும். ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்மேற்குப் பருவக்காற்றில், இந்த மேற்குக் கரை முழுக்க இப்படித்தான். டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரைதான் சேலத்திலிருந்து கிளம்பத் தக்க காலம்.

சாப்பாட்டுக்கு இந்த மாவட்டத்தில் மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்பும். வயிறும் நிறையும், பையும் காலியாகாது. சேலத்தில் ஜவ்வரிசி ஆலைக்கு லாரி லாரியாகப் போகும் அதே குச்சிக்கிழங்கை இங்கே அவித்துத் தேங்காய் சேர்த்து மசித்துத் தருகிறார்கள். நடைக்கு மட்டிப்பழம் ஒரு சீப்பு. தோல் மெல்லியது என்பதால் பையின் மேலே வையுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற பழம், வேறெங்கும் இந்த மணத்தோடு கிடைப்பது கடினம்.

ஞாயிறு – நாகர்கோவில், திரும்பும் வண்டி

காலையில் கடல் எப்படி என்று தெரிந்துகொள்ளப் படகு போயிருக்கிறதா என்று பார்ப்பது நல்ல வழக்கம். வள்ளங்கள் கரையில் கிடந்தால் நாமும் இறங்கக் கூடாது. ஆனால் ஞாயிறன்று இந்தக் கணக்கு பொருந்தாது. கத்தோலிக்க மீனவ ஊர்களில் அன்று கடலுக்குப் போவதில்லை, கடல் குளமாகக் கிடந்தாலும் படகுகள் கரையில்தான். அதேபோல ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், துறைமுகம் நிறைந்திருப்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஞாயிறன்று ஆளிடம்தான் கேட்க வேண்டும். திருப்பலி முடிந்து வரும் பெரியவர்களிடம் "ஐயா, இன்னைக்குப் பாறைப் பக்கம் போலாமுங்களா?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் காரணம் கேட்காமல் திரும்புங்கள்.

கன்னியாகுமரிக்கு நாகர்கோவிலிலிருந்து பேருந்து ஓயாமல் ஓடுகிறது. ஆனால் ஞாயிறன்று படகு வரிசையில் நின்றால் பகல் அதிலேயே போய்விடும். விவேகானந்தர் பாறையைப் பார்த்தே ஆக வேண்டும் என்பவர்கள் பயணத்தை ஒரு நாள் தள்ளி வார நாளில் வைத்துக்கொள்ளுங்கள்.

மதியத்துக்குள் அறைக்குத் திரும்பி உப்பைக் கழுவுவதுதான் இன்றைய முக்கிய வேலை. செருப்பை நல்ல தண்ணீரில் ஊறவைத்து, பட்டை தைத்த இடங்களைப் பழைய பல்துலக்கியால் தேயுங்கள். உப்பு படிந்த தையல் காய்ந்து விறைத்து அடுத்த நடையில் அறும். பையின் ஜிப்பைத் திறந்து மூடித் திறந்து மூடித் தண்ணீர் விடுங்கள். பல் இடுக்கில் உப்பு நின்றால் ஒரு மாதத்தில் பிடித்துக்கொள்ளும், அதற்கப்புறம் மெழுகுவத்தி தேய்த்தாலும் நகராது. தலைவிளக்கின் பேட்டரியைக் கழற்றித் தனியே வையுங்கள். கயிற்றையும் அலசி, சுருட்டாமல் ஜன்னல் கம்பியில் தொங்கவிட்டு, கிளம்பும்போது எடுத்துக்கொள்ளலாம்.

திரும்பும் வண்டி 17236, மாலையில் நாகர்கோவிலிலிருந்தே புறப்படுகிறது. தொடங்கும் நிலையம் என்பதால் முன்னதாகப் போனால் பையை வைக்க இடம் கிடைக்கும். அதிகாலையில் சேலத்தைக் கடந்து பெங்களூருக்குப் போய்விடும், ஆகவே அலாரம் இரண்டு கைபேசிகளில் வையுங்கள். கரூரில் விழித்துக்கொண்டால் நாமக்கல் தாண்டிச் சேலத்தில் இறங்கத் தயாராக நேரம் இருக்கும். படுக்கை கிடைக்காதவர்களுக்கு வடசேரிப் பேருந்து நிலையத்திலிருந்து மதுரை போய், அங்கே ஆரப்பாளையத்தில் சேலம் பேருந்து ஏறுவது ஒரு வழி. செலவு கொஞ்சம் கூடும், மதுரை வரை நடு இருக்கைகளில் இடம் பிடித்தால் தூங்கிக்கொண்டே வரலாம்.